பள்ளத்துக்கு ஒரு கணக்கு, மேட்டுக்கு ஒரு கணக்கு

பெரியப்பா எங்களுக்கு நல்லது செய்தார் என்று இன்றைக்கும் கிள்ளான் பக்கத்து உறவுகள் கல்யாணப் பந்தியில் உட்கார்ந்து சொல்வதுண்டு. சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள். பார்த்தால் நான் இலையை மூடிவிட்டு எழுந்துவிடுவேன் என்று தெரியும். ஒருமுறை அப்படி எழுந்து, பாயசம்கூட வாங்காமல், கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்திருக்கிறேன். நடந்ததை முழுதாக ஒருதரம் சொல்லிவிட்டால் எனக்கும் நிம்மதி, அவர்களும் நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. பிரிக்பீல்ட்ஸில் குவார்ட்டர்ஸ். அப்பாவின் அண்ணனான பெரியப்பாவுக்குக் கிள்ளானில் மளிகைக் கடை. இரண்டு பேரும் ஆளுக்குப் பாதிப் பணம் போட்டு செராஸில் பத்து ஏக்கர் நிலம் வாங்கினார்கள். அப்போது செராஸ் வெறும் காடு. மாட்டு வண்டியில் போய் இறங்கினால் முதலில் வரவேற்பது அட்டைதான். நிலப் பத்திரமான கிராண்டில் இரண்டு பேர் பெயரும் ஏறியது, சரிபாதி என்று.

நிலத்தில் ஆறு ஏக்கர் மேடு, நாலு ஏக்கர் பள்ளம். வாங்கிய அடுத்த வருஷமே பெரியப்பா பிரித்துவிட்டார். தெரிந்த மனிதர்கள் நாலு பேரைக் கூட்டி, வெற்றிலை பாக்கு மாற்றி, மண்வெட்டியால் குறுக்கே எல்லையாக ஒரு கானும், சின்ன வாய்க்கால் மாதிரி, வெட்டி வைத்தார். மேடு அவருக்கு. பள்ளம் அப்பாவுக்கு.

“நீ ரயிலே கதின்னு கெடக்குறவன். மேட்டுல ஏறி மரத்தப் பாக்க உனக்கு ஏது நேரம்? பள்ளத்த எடுத்துக்க. தண்ணிக்குப் பஞ்சமே இல்ல” என்றாராம்.

தண்ணீருக்குப் பஞ்சமில்லைதான். முழங்கால் வரைக்கும் நின்றது. அம்மாவுக்கு அன்றைக்கே வயிறு எரிந்தது. அம்மா காப்பார் பக்கம் ஓர் எஸ்டேட்டில் பிறந்து, கல்யாணம் ஆகும்வரை பால்மரம் வெட்டியவள், ரப்பர் மரத்துப் பட்டையைக் கீறிப் பால் எடுத்தவள். எந்த மண்ணில் மரம் நிற்கும், எதில் அழுகும் என்று அவளுக்குப் பார்த்தாலே தெரியும். “பள்ளத்துல தவளதான் வெளயும்” என்று அப்பாவிடம் சொன்னாள். அப்பா, அண்ணன் காதில் விழுந்துவிடப் போகிறது என்று அவளை அடக்கினார். என் அப்பா நல்லவர். அந்த நல்லதனத்தை நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

கிராண்டை மட்டும் யாரும் தொடவில்லை. அண்ணன் தம்பி பிரிந்ததை ஆபீசில் போய்ப் பதிவது அசிங்கம் என்று நினைத்தார்கள். ஒருவனை ஒருவன் நம்பவில்லை என்று ஊருக்குச் சொல்வது மாதிரியாம். கான் வெட்டியாயிற்று, வெற்றிலை மாற்றியாயிற்று, இனி என்ன கோடு வேண்டும்? நம் ஆட்களில் இந்த ஊரில் இப்படி வெற்றிலையை நம்பிக் கெட்ட குடும்பங்களை நான் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தால் கால்விரலும் போதாது.

மேட்டில் பெரியப்பா ரப்பர் வைத்தார். மரம் வளர்ந்தது, வெட்டுக்கு வந்தது, ரப்பருக்கு நல்ல விலையும் வந்தது. ஒரு ரப்பர் ஷீட்டின் காசைக்கூட அவர் தம்பிக்குக் காட்டியதில்லை. நாங்களும் கேட்டதில்லை. மேடு அவருடையது, கேட்க என்ன இருக்கிறது? பள்ளத்தை அப்பா ஒரு சீனத் தோட்டக்காரருக்குக் கீரை போட விட்டிருந்தார். சின்ன வாடகை, பண்டிகை நாளில் ஒரு கூடை கீரை. பெரியப்பாவும் அதில் பங்கு கேட்டதில்லை. அந்த மட்டும் அவர் யோக்கியர்.

எனக்குப் பதினாறு நடக்கும்போது அப்பா காய்ச்சலில் போனார். அம்மா, நான், தங்கை, மூன்று பெண்கள். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும் என்று ரயில்வேயிலிருந்து ஆள் வந்து சொன்னார். காரியம் முடிந்த அன்றே பெரியப்பா, “கிள்ளானுக்கு வந்துடுங்க, எடம் இருக்கு” என்றார். கேட்டவர்களெல்லாம் உருகிப் போனார்கள். இடம் எங்கே என்று எங்களுக்குத்தான் தெரியும். கடைக்குப் பின்னால், அரிசி மூட்டைக்கும் புண்ணாக்குக்கும் நடுவில். கடையில் வேலை செய்தவர்களுக்குச் சமைத்துப் போட்ட ஆள் அந்த மாதம்தான் வேலையை விட்டு நின்றிருந்தார். பெரியம்மாவுக்கு அவசரமாக ஒரு சமையல்காரி தேவைப்பட்டது.

அம்மாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. பிரிக்பீல்ட்ஸிலேயே ஒரு வாடகை வீடு, அதில் தன் சொந்த அடுப்பு. அதற்குக் கீரைத் தோட்டத்து வாடகை போதாது. கெடு நெருங்க நெருங்க அம்மா சாப்பாட்டையே மறந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் கீரைத் தோட்டக்காரர் பள்ளத்தில் கிணறு ஆழப்படுத்தியிருக்கிறார். கறுப்பு மணல் வந்திருக்கிறது. மரத்தட்டில் போட்டு அலசிப் பார்த்துவிட்டு, ஒரு பொட்டலம் கட்டி எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தார். “தீமா, தீமா” என்று கையில் கொட்டிக் காட்டினார். ஈயம். அவர் நினைத்திருந்தால் எங்களிடம் சொல்லாமலே அலசி எடுத்திருக்கலாம். அந்த மனிதர் எங்களுக்கு நல்லது செய்தார் என்று சொல்லுங்கள், நான் இலையில் உட்கார்ந்து கேட்கிறேன்.

செய்தி பரவி ஒரு தவுக்கே, சீன முதலாளி, வந்தார். பக்கத்தில் இரண்டு லம்பம், ஈயச் சுரங்கம், நடத்துகிறவர். ஆட்களை விட்டு நாலு ஏக்கரிலும் துளை போட்டு மண்ணை எடுத்துப் பார்த்தார். நல்ல மண் என்றார். எடுக்கிற ஈயமணலில் நூற்றுக்குப் பத்து நிலக்காரருக்குத் தருவதாகச் சொன்னார். இந்தப் பங்குக்கு ஆபீஸ்காரர்களிடம் ஓர் இங்கிலீஷ் பெயர் உண்டு. எங்கள் வீட்டில் வாரம் என்றோம். நெல்லுக்கு வாரம் இருக்கும்போது ஈயத்துக்கு இருக்கக் கூடாதா?

அன்று ராத்திரி அம்மா வயிறாரச் சாப்பிட்டாள். வீட்டுக்காரரிடம் முன்பணம் எவ்வளவு என்று கேட்டுவரும்படி என்னை அனுப்பினாள்.

மூன்றாம் நாள் பெரியப்பா வந்தார். கடையை விட்டு வாரநாளில் அவர் வந்து நான் பார்த்ததில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு, என்னிடம் சொன்னார். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றாள். புருஷனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. அம்மா சொல்வதை நான் சொல்வேன், அவர் சொல்வதும் என் வழியாகத்தான் போகும், நடுவில் ஒரு கதவு மட்டுமே இருந்தாலும்.

“உங்கம்மாகிட்ட சொல்லு. நெலம் ரெண்டு பேரு பேர்ல இருக்கு. பிரிக்காத நெலம். ஈயத்துல எனக்குப் பாதி.”

எனக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று நினைத்தேன். “பள்ளம் எங்களுதுதானே பெரியப்பா? நீங்கதானே கான் வெட்டுனீங்க?”

“கான் தண்ணி ஓட வெட்டுனது” என்றார், கண் இமைக்காமல்.

அத்தோடு நிற்கவில்லை. எல்லாம் விசாரித்துக்கொண்டுதான் வந்திருந்தார். “மிச்சம் பாதிலயும் முழுசா உங்கம்மாவுக்கு இல்ல. பொண்டாட்டிக்கு மூணுல ஒண்ணு, பிள்ளைங்களுக்கு மூணுல ரெண்டு. உங்க ரெண்டு பேரு பங்கையும் கல்யாணம் ஆகுறவரைக்கும் நான் பாத்துக்குறேன். வீட்டுக்குப் பெரியவன் நாந்தான?”

அவர் போனபிறகு சிலேட்டை எடுத்தேன். கான்வென்ட்டில் ஆறாவது வரை படித்திருந்தேன், பின்னம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பள்ளம் நாலு ஏக்கர். அதில் பாதி அவருக்குப் போனால் எங்களுக்கு இரண்டு ஏக்கர் ஈயம். அந்த இரண்டில் மூன்றில் ஒரு பங்கு அம்மாவுக்கு. முழு ஒரு ஏக்கர்கூட இல்லை, முக்காலுக்கும் கீழே. நூறு பிக்குல் மணல் எடுத்தால் நிலத்துக்குப் பத்து. அதில் ஐந்து பெரியப்பாவுக்கு. மீதி ஐந்தில் அம்மாவின் கைக்கு இரண்டுகூட வராது. மற்றதெல்லாம் அவர் ‘பார்த்துக்கொள்வார்’. எங்கள் பள்ளத்திலிருந்து வெட்டியெடுக்கிற ஈயத்தில் எங்களுக்கே இவ்வளவுதான்.

சிலேட்டை அழித்துவிட்டு வேறு மாதிரிப் போட்டுப் பார்த்தேன். வெற்றிலைக் கணக்கு என்று ஒன்று: ஈயம் முழுக்க எங்களுக்கு, ரப்பர் முழுக்க அவருக்கு. கிராண்டுக் கணக்கு என்று ஒன்று: ஈயத்திலும் பாதி, ரப்பரிலும் பாதி. இரண்டில் எதைச் சொன்னாலும் அதில் ஒரு நியாயம் இருந்தது. பெரியப்பா சொன்னது இரண்டுமே இல்லை. மேட்டுக்கு வெற்றிலை, பள்ளத்துக்குக் கிராண்டு. எந்தப் பக்கம் பழுத்ததோ அந்தப் பக்கத்துக்கு ஏற்றபடி ஒரு சட்டம். அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்து தெரியாது. ஆனால் கணக்கு புரிந்தது. சிலேட்டைக் கவிழ்த்து வைத்தாள்.

விவசாய நிலத்தில் சும்மா ஈயம் தோண்டிவிட முடியாது. பள்ளத்தை மட்டும் சர்க்காரிடம் ஒப்படைத்து, சுரங்க நிலமாக மாற்றி, புதுக் கிராண்ட் வாங்க வேண்டும். பழைய கிராண்டில் பெயர் உள்ள எல்லாரும் சம்மதிக்க வேண்டும். அப்பாவின் இடத்தில் அம்மா. அதனால் அம்மாவின் பெருவிரல் இல்லாமல் பெரியப்பாவால் ஒரு கரண்டி மண் எடுக்க முடியாது. நான் அதைத்தான் நம்பியிருந்தேன். “ரேகை வைக்காதம்மா. ஈயம் மண்ணுக்குள்ளயே கெடக்கட்டும்” என்றேன். உறவுக்காரர்கள் ஒருவர் விடாமல் வந்து எதிர்ப்பாட்டு பாடினார்கள். பெரியவரை எதிர்க்கலாமா, ரெண்டு பொட்டப்பிள்ளையை வைத்துக்கொண்டு வீம்பு எதற்கு, நாளைக்குக் கல்யாணத்துக்கு யார் நிற்பார்கள். காபி குடித்துவிட்டுச் சொன்னார்கள். டம்ளரைக் கழுவியவள் நான்தான்.

லேண்ட் ஆபீசுக்குப் போன அன்று பெரியப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். தவுக்கே ஒரு பக்கம் நின்றார். கிளார்க் யாழ்ப்பாணத்துக்காரர், வெள்ளைக்காரத் துரைக்கு மொழிபெயர்த்துச் சொல்கிறவர். அவர் படத்தை விரித்து வைத்தார். அம்மா முக்காட்டுக்குள்ளிருந்து என்னைத் தொட்டாள். “மேடு எங்க, பள்ளம் எங்கன்னு கேளு.” கேட்டேன்.

“இதில மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, பிள்ளை. பத்து ஏக்கர். உள்ளுக்க கோடு ஒண்டும் இல்லை. ரெண்டு பேருக்கும் பாதி.”

“எந்தப் பாதின்னு கேளு.”

கிளார்க் இந்தத் தடவை அம்மாவையே பார்த்துச் சொன்னார். “எந்தப் பாதி எண்டு இல்லை, அம்மா. எல்லாத்திலயும் பாதி. இந்த மூலையில ஒரு பிடி மண் எடுத்தாலும் அதில உங்களுக்குப் பாதி, அந்த மூலையில எடுத்தாலும் பாதி.”

துரை ஏதோ கேட்டார். கிளார்க் பெரியப்பாவிடம் திரும்பினார். “உங்களுக்குள்ள வேற பிரிவினை ஏதும் நடந்ததோ எண்டு கேக்கிறார்.”

பெரியப்பா மார்பில் கைவைத்துச் சொன்னார். “எங்க குடும்பத்துல பிரிவினையே கெடயாதுங்க. என் தம்பியும் நானும் ஒண்ணாத்தான் இருந்தோம். எல்லாம் பொதுதான்.”

சொல்லும்போது குரல் தழுதழுத்தது. எனக்கு அந்த மேஜையிலிருந்த மைக்கூட்டை எடுத்து அவர் கோட்டில் ஊற்ற வேண்டும்போல் இருந்தது. அவர் சொன்னதைக் கிளார்க் எழுதினார், பெரியப்பா அதன் அடியில் கையெழுத்துப் போட்டார். அம்மா ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். எங்கள் பாதி வாரத்தைத் தவுக்கே அம்மாவின் கையில்தான் கொடுக்க வேண்டும். தவுக்கேக்கு யார் கையில் கொடுத்தால் என்ன? தலையாட்டினார். பெரியப்பா முகத்தைச் சுளித்தார், ஆனால் ஈயம் கண்முன்னால் இருக்கும்போது வாதாட மனமில்லை. அம்மா பெருவிரலை மையில் அழுத்தி, காகிதத்தில் வைத்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் நான் அம்மாவைத் திட்டினேன். அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு விட்டுக்கொடுத்தார், நீயும் விட்டுக்கொடுத்துவிட்டாய், பள்ளம் போயிற்று, பாதி போயிற்று என்று ரிக்‌ஷாக்காரர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அம்மா பாசார்க் கடைத்தெருவில் ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லி இறங்கினாள். இரும்புக் கடைக்குள் போய் ஒரு பால்வெட்டுக் கத்தியும் இரண்டு வாளியும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் விடியும் நேரத்தில் செராஸ் மேட்டில் இருந்தோம். பெரியப்பா வெட்டுக்கு வைத்திருந்த புருஷனும் பெண்டாட்டியும் முதல் நிரை மரங்களில் அப்போதுதான் கைவைத்திருந்தார்கள். அம்மா அவர்களிடம் சொன்னாள்: “தம்பி, நீங்க ஒரு நெர விட்டு ஒரு நெர வெட்டுங்க. நடு நெரயெல்லாம் நான் வெட்டிக்கிறேன். இனிமே தெனமும் இப்படித்தான்.” பதினேழு வருஷமாகக் கத்தி தொடாத கை. முதல் இரண்டு மரத்தில் பட்டையை அழுத்தி வெட்டிவிட்டு, தன்னையே திட்டிக்கொண்டாள். மூன்றாவது மரத்தில் கோடு சீராக இறங்கியது, பால் கசிந்து மரத்தில் மாட்டிய மங்குக் கிண்ணத்தில் சொட்டியது. நானும் தங்கையும் பின்னால் மங்கைத் துடைத்து வைத்துக்கொண்டே போனோம்.

யாரோ ஆள் அனுப்பிவிட, பெரியப்பா பொழுது உச்சிக்கு வரும் முன்பே வந்துவிட்டார். கோட்டு இல்லை, பாதிச் சவரத்தோடு வந்திருந்தார். “திருடி! பட்டப்பகல்ல மரத்த வெட்டுறாளே! கேக்க ஆளில்லயா!” என்று மேட்டின் அடியிலிருந்தே கத்திக்கொண்டு ஏறினார். நான் வழக்கம்போல நடுவில் போய் நின்றேன். அம்மா என்னை ஒரு பக்கமாக விலக்கினாள். முக்காடு தோளில் கிடந்தது.

“எல்லாம் பொதுதான்னு நேத்து நீங்க தானே மாமா சொன்னீங்க? தொரைக்கு முன்னாடி கையெழுத்தும் போட்டீங்களே. ஒவ்வொரு மரத்துலயும் எனக்குப் பாதி. மரத்த நெடுக்க ரெண்டாப் பொளக்க முடியாதுன்னுதான் நெரயா எடுத்துக்கிட்டேன்.”

அம்மாவின் குரலை அவர் அவ்வளவு நேராக அதுவரை கேட்டதில்லை. போலீசுக்குப் போனார். ஒரு சார்ஜன் சைக்கிளில் வந்தார், இரண்டு பேர் பெயரும் கிராண்டில் இருப்பதைக் கேட்டுக்கொண்டார், இதற்கு லேண்ட் ஆபீசுக்குப் போங்கள் என்று சொல்லிவிட்டு நிழலில் உட்கார்ந்து ஒரு சுருட்டுப் பிடித்தார். லேண்ட் ஆபீசில் என்ன சொல்வார்கள் என்று பெரியப்பாவுக்குத் தெரியும். போகவில்லை.

குவார்ட்டர்ஸ் கெடு முடிவதற்குள் பிரிக்பீல்ட்ஸில் வீடு பிடித்தோம். வாரம் வர மாதங்கள் ஆயின. அதுவரை அம்மா வெட்டிய பால்தான் வாடகை கொடுத்தது. இத்தனை வருஷம் அவர் தனியாகத் தின்ற ரப்பரில் எங்கள் பாதி திரும்ப வரவே இல்லை. அதற்கு வக்கீல் வைக்க வேண்டும், கோர்ட்டுக்கு நடக்க வேண்டும். அது எங்களால் ஆகாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தக் கணக்கை நான் இன்னும் அழிக்கவில்லை.

சில வருஷம் லம்பம் ஓடியது. பள்ளம் ஆழமாகி, ஈயம் தீர்ந்து, விலையும் விழுந்து, தவுக்கே சாமான்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மிஞ்சியது பச்சைத் தண்ணீர் நிற்கிற குட்டை. சுற்றிலும் வெள்ளை மணல், ஒரு புல்கூட முளைக்காது. அன்றைக்குப் பள்ளம் மட்டும் எங்களுக்கென்று இருந்திருந்தால் இன்றைக்குக் குட்டைதான் மிஞ்சியிருக்கும், பெரியவர் பிரிக்காத நிலம் என்று அடித்துப் பேசியதால்தானே மேட்டில் பாதி கிடைத்தது என்கிறார்கள் உறவுக்காரர்கள். இதற்குப் பெயர்தான் அவர் செய்த நல்லது. ஒருவன் உன் சட்டைப் பையைக் கிழிக்கிறான், கிழிந்ததில் அவன் பையும் சேர்ந்து கிழிகிறது, உடனே அவனுக்கு மாலை போட வேண்டுமாம்.

தவுக்கே போன மாதமே பெரியப்பா எங்கள் வாடகை வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். உட்கார்ந்தார். தம்பியை நினைத்துக் கண்ணைத் துடைத்தார். பிறகு ஆரம்பித்தார்.

“நமக்குள்ள இந்த இழுபறி வேணாம். வயசாச்சு எனக்கு. நாலு பெரிய மனுசங்கள வச்சுப் பேசிப் பிரிச்சுக்குவோம். பழைய மாதிரியே. மேடு எனக்கு, பள்ளம் உங்களுக்கு. ஆபீசெல்லாம் எதுக்கு, நாம என்ன அந்நியமா?”

நான் வாயைத் திறந்தேன். என்னவெல்லாம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவருக்கு எதிரில் நின்றாள்.

“பிரிக்கலாம் மாமா. நம்ம வழக்கப்படியே பிரிக்கலாம். பெரியவரு நீங்க, நீங்களே பிரிங்க. மேடு ஒரு பங்கு, குட்ட ஒரு பங்குன்னு நீங்க சொன்ன மாதிரியே பிரிங்க. பிரிச்சதுல சின்னவன்தான் மொதல்ல எடுக்கணும். அவரு இல்ல. அவருக்காக நான் எடுக்குறேன்.”

பெரியப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார். நிலம் பிரிக்காமலே கிடந்தது. அம்மா மறுநாளும் விடியற்காலையில் மேட்டுக்குப் போனாள்.